கம்பளிக்குள் கூடுதலாக ஒரு கை

என் அண்ணன் பேத்தி கலா புதுக்கோட்டையில் ஒரு ஷேர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவர்கள் ஆபீஸில் மலர் ஒன்று போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாராவது எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்று பேச்சு வந்ததும், எங்கள் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறது என்று இவள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் அத்தைதான். "அத்தை, நாலு பக்கம் எழுதுங்க, போதும்" என்கிறாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் கலா திருத்திக்கொள்ளட்டும்.

போன மாதம் என்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். டி.வி. மாதிரிப் பெட்டியில் எண்கள் ஓடுகின்றன. ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் விலை காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஏன் ஏறுகிறது என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு காரணம் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்தவர் அதற்கு நேர் எதிரான காரணம் சொன்னார். கலா மட்டும், "யாருக்குத் தெரியும் அத்தை, யாரோ வாங்குறாங்க" என்றாள். அந்த 'யாரோ'வைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போயிற்று. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. இதில் எழுதுகிறேன்.

சமஸ்தானம் இருந்த காலம். உலகத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் ஆகி, அந்த வருஷமே அவர் காய்ச்சலில் போய்விட்டார். நான் அண்ணன் வேலாயுதம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு கடலை மண்டியில் எடை போடுகிறவராக இருந்தார். மண்டி முதலாளி பெயர் சுப்பையா. ஊரில் மண்டி அய்யா என்றால்தான் தெரியும். கடலை வியாபாரத்தோடு கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்றுத் தரும் தரகும் பார்த்தார். விலையைச் சிலேட்டில் எழுதித் தொங்கவிட அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. முன்பு இருந்தவர் விலையை எழுதுவதற்கு முன்னால் காபிக் கிளப்பில் போய்ச் சொல்லிவிட்டு வருவாராம். எண் தெரிய வேண்டும், வாய் இருக்கக் கூடாது, அப்படி ஒரு ஆள் வேண்டும் என்று அய்யா சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, மாசத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்று அண்ணன் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். முதல் சில மாதங்கள் தட்டுகிற சத்தத்தைத் தப்பாகக் கேட்டுத் தப்பாக எழுதினேன். பிறகு பழகிப்போயிற்று. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தட்டுகிற சத்தம் என்றேன். அதை விளக்கிவிடுகிறேன்.

அய்யாவின் தகப்பனார் மாட்டுத் தரகர். அய்யாவும் சிறுவயதில் சந்தையில் அவரோடு நின்றவர்தான். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஊருக்குள் பங்கு வியாபாரம் வந்தபோது அய்யாவுக்கு வேறு வழி தெரியவில்லை. துண்டு போதாது என்று ஒரு பெரிய கறுப்புக் கம்பளி வாங்கினார். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் மண்டிக் கூடத்தில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். கம்பளியை எல்லார் மடியிலும் விரித்து, ஆளுக்கு ஒரு வலது கையை உள்ளே விட வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தால் விற்கிறவர். நிமிர்த்தி வைத்தால் வாங்குகிறவர். அய்யாவும் வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கம்பளிக்குள்ளேயே கையை நகர்த்தி ஒவ்வொருவர் விரலாகத் தொட்டு வருவார். ஒருவர் கேட்டதை அடுத்தவர் விரலில் அழுத்திக் காட்டுவார். அதற்கு மேல் போகிறவர் ஒரு விரல் கூட அழுத்துவார். கூடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். விலை படிந்ததும் அய்யா, விற்றவர் கையை எடுத்து வாங்கியவர் கையில் வைப்பார். இரண்டு பேரும் 'சரி' என்பார்கள். கை பிடித்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது.

நான் உள் அறையில் இருப்பேன். நடுவில் பலகைத் தடுப்பு. விலை படிந்ததும் அய்யா விரல் முட்டியால் தட்டினால் ரூபாய், மோதிரத்தால் தட்டினால் அணா. நான் சிலேட்டில் எழுதி, தெருப்பக்க ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை விட்டு, மேலே இருந்த கொக்கியில் மாட்டுவேன். ஜன்னலின் கீழ்ப்பாதிக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நான் தரையில் மண்டியிட்டுத்தான் மாட்டுவேன் என்பதால் தெருவில் இருப்பவர்களுக்கு என் முகம் தெரியாது. என் கை மட்டும் தெரியும்.

பங்குக் கூட்டம் நடக்கும் நாட்களில் அய்யா காரம் சேர்க்க மாட்டார். மோர்ச்சோறு மட்டும். மிளகாய் பட்ட விரலுக்கு அடுத்தவன் மனசு பிடிபடாது என்பார். சாப்பிட்டதும் சீயக்காய் போட்டு வலது கையைக் கழுவி, வெயிலில் காட்டிக் காயவைப்பார். தொட்டதும் ஆளைச் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு செட்டியார், சோதித்துப் பார்ப்போம் என்று தன் மோதிரத்தைக் கணக்கப்பிள்ளைக்குப் போட்டு உட்காரவைத்தார். அய்யா கண்ணைத் திறக்காமலே, "மோதிரம் மொதலாளிது. கை சம்பளத்துக்கு இருக்குற கை" என்றார். கணக்கப்பிள்ளைக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அய்யா யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வெக்கை நாட்களில் இடது கையில் பனையோலை விசிறி வைத்து விசிறிக்கொண்டே வலது கையால் தொழில் நடத்துவார்.

அப்போது கைமாறிய பங்குகளில் எல்லாரும் பைத்தியமாக இருந்தது காவிக் கம்பெனிப் பங்கின்மேல்தான். வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு, பொட்டல் காட்டில் காவிக்கல் தோண்டி அரைத்துச் சாயத்துக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. ஒரு தகரக் கொட்டகை, ஒரு எஞ்சின், ஒரு பெரிய குழி, அவ்வளவுதான். ஆரம்பித்தவர் பர்மாவில் இருந்து வந்த ஒருவர். ஒரு மழைக்காலத்தில் குழி நிறையத் தண்ணீர் நின்றபோது, ஆழம் பார்க்கிறேன் என்று இறங்கி அப்படியே போய்விட்டார். அவர் மைத்துனர் எடுத்து நடத்தினார். இவ்வளவு சின்னக் கம்பெனியின் பங்கு ஒரு மாதம் பத்து ரூபாய்க்கு நிற்கும். அடுத்த மாதம் முப்பதைத் தாண்டும். திடீரென்று இறங்கும்.

ஏன் என்று எதிர்க் காபிக் கிளப்பில் நாள் முழுக்க ஆராய்ச்சி நடக்கும். சண்டைக் கப்பலுக்குச் செஞ்சாயம் பூசப் போகிறார்கள் என்றார் ஒருவர். குழிக்குள் காவிக்குக் கீழே வேறேதோ இருக்கிறது என்றார் இன்னொருவர். எதுவும் விலையோடு ஒத்துவரவில்லை. கடைசியில் எல்லாரும் கண்ணால் பார்க்கக் கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அது என் கை.

நான் வெட்கத்தில் சிலேட்டை மாட்டியதும் வெடுக்கென்று கையை உள்ளே இழுத்துக்கொள்வேன். அன்றைக்கெல்லாம் விலை ஏறுகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கை டக்கென்று போனால் ஏறும், தங்கினால் இறங்கும் என்று பேச்சாகிப்போயிற்று. வளையல் இல்லாத என் கை எதிரே வந்தால் நின்று போகிறவர்கள், அதே கை ஜன்னலில் வருவதற்காக வெயிலில் காத்திருந்தார்கள். "கை வருதுடா, கை வருது" என்று சத்தம் கேட்கும். ஒரு நாள் ஜன்னலுக்கடியில் வெற்றிலையும் பூவும் வைத்திருந்தார்கள். அண்ணன் அதைக் காலால் தள்ளிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் சோறு பிசையும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒருவேளை இதுதான் ஏற்றுகிறதோ என்று தோன்றும். மெதுவாக எடுக்கலாம் என்று நினைப்பேன். வெளியே போனதும் அது தானாகவே வெடுக்கென்று வந்துவிடும்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. காவிக் கம்பெனி விலை ஏற ஆரம்பித்தது.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து பெரியகருப்பன் என்று ஒரு விவசாயி வருவார். வீடு கம்பெனிக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான். முதலில் உழவு மாட்டை விற்று இந்தப் பங்கை வாங்கினார். அது ஏறியதைப் பார்த்து, ஏந்தல் குளத்துக் கரையில் இருந்த ஒரே நஞ்சையை அடமானம் வைத்து மேலும் வாங்கினார். அவர்தான் காபிக் கிளப்பில் ஒன்றைச் சொன்னார். கொட்டகை பூட்டிக் கிடக்கிறது, எஞ்சின் ஓடவில்லை, பாதையில் புல் முளைத்துவிட்டது, ஆனால் விலை ஏறுகிறது. கோடையில் எஞ்சின் இராப்பகலாக ஓடியபோது விலை இறங்கியது. ஆள் இருந்தால் இறங்குகிறது, ஆள் இல்லாவிட்டால் ஏறுகிறது என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அன்றையிலிருந்து குழிக்குள் போனவரைப்பற்றிக் கிளப்பில் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் மத்தியானம் மண்டியின் பின்வாசலில் ஒரு பொம்பிளை நின்றாள். இடுப்பில் ஈரச் சேலை. பெரியகருப்பன் பெண்சாதி பாப்பாத்தி. நடந்தே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தாயி, எங்க வீட்டுக்காரரு கோயிலுக்குப் போறதில்ல. ஒங்க ஜன்னலுக்குத்தான் வாராரு. தை பொறந்தா வயலு அடமானம் வாங்குனவுக கைக்குப் போயிரும். இப்ப வித்தா மீட்டுக்கிறலாம். விக்கச் சொன்னா, கை டக்குன்னு உள்ள போகுதுடி, இன்னும் ஏறும்டிங்குறாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. எங்கப்பாரு சொன்னாக் கேக்க மாட்டாரு. ஒங்க கை சொன்னாத்தான் கேப்பாரு."

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு நாளு. மாட்டிப்புட்டு உள்ள இழுக்காம வைங்க. நான் வேறொண்ணும் கேக்கல."

போகிறபோது இன்னொன்றும் சொன்னாள். எஞ்சின் நின்று மாதக்கணக்காகியும், கொடியில் காயப்போட்ட துணியில் காவித் தூசி படிகிறதாம். மழை பெய்கிற நாளில் எங்கிருந்து தூசி வருகிறது என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

அன்று கூட்டம் கலைந்ததும் அய்யா கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று, "அய்யா, காவிக் கம்பெனி ஏன் ஏறுதுங்க?" என்று கேட்டேன். நானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"நீ யார்ட்டயும் சொல்ல மாட்டே. அதுனால சொல்றேன், ஆத்தா. கம்பளிக்குள்ள ஒரு கை கூட இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"ஒக்காந்திருக்குற ஆளு அத்தன பேரையும் தொட்டு முடிச்சுட்டு வாரேன். கடைசியில இன்னொண்ணு கெடக்கு. சில்லுன்னு, தண்ணிக்குள்ள ஊறுனது மாதிரி. நிமுந்து கெடக்கு, வாங்குற கை. நான் மூணு விரல அழுத்துனா அது நாலு அழுத்துது. அதை அடுத்த ஆளுகிட்டக் காமிச்சா அவன் அஞ்சுக்குப் போறான். அம்புட்டுத்தான், இது பேசாமப் படுத்துக்குது. இதுவரைக்கும் அது ஒரு பங்கு வாங்குனதில்ல. ஏத்தி விட்டுட்டுப் போயிருது."

யாராவது விளையாட்டுக்குச் செய்கிறார்களோ என்று கேட்டேன். அவர் தன் வலது கையை நிமிர்த்தித் தடுப்புக்கு மேலே காட்டினார்.

"பெருவெரல் எல்லாத்துக்கும் இங்கிட்டு இருக்கும். அதுக்கு அங்கிட்டு இருக்கு."

இதைப் படிக்கிற நீங்கள், அது யாரோ ஒருவரின் இடது கை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் இடது கையால் சுண்ணாம்புகூடக் கொடுக்க மாட்டார்கள். விலை பேச இடது கையை நீட்டினால் சந்தையை விட்டே விரட்டிவிடுவார்கள். கம்பளிக்குள் கள் குடித்தவன் கை வந்திருக்கிறது, பொய் சொல்கிறவன் கை வந்திருக்கிறது. இடது கை வந்ததில்லை, வரவும் வராது. அதனால் பெருவிரல் மாறிக் கிடந்த கை எங்களுக்கு உயிரோடு இருக்கிறவர் கையாகப் படவில்லை. குழித் தண்ணீரில் போனவரைத்தான் நானும் நினைத்தேன். அய்யாவும் அவரைத்தான் நினைத்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கம்பளியைத் தூக்கிப் பார்த்துவிடலாமே என்றேன்.

"பாத்து, ஆளுக்கு ஒரு கைதான் இருந்துச்சுன்னா? எங் கை பொய் சொல்லுதுன்னு ஆயிரும். அப்பறம் எவன் இதுல வந்து வெரல வைப்பான்? ஒண்ணு கூட இருந்துச்சுன்னா..." என்று நிறுத்தி, கம்பளியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார். "அதப் பாக்கவும் வேணாம்."

மார்கழி பிறந்தது. விலை இதுவரை நான் எழுதாத எண்ணுக்குப் போயிற்று. பாப்பாத்தி இன்னொரு முறை வந்தாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. பின்வாசலில் நின்று என் கையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. முதல் சுற்று முடிந்து தடுப்பில் தட்டும் சத்தம் கேட்டது. எழுதினேன். கம்பிக்கு வெளியே கையை விட்டுச் சிலேட்டை மாட்டினேன். இழுக்கவில்லை.

அவ்வளவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணனைத் தவிர வேறு ஆம்பிளைகள் முன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காதவள் நான். ஒரு தெருவே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காபிக் கிளப்பில் டம்ளர் சத்தம் நின்றுபோயிற்று. தூறல் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வழியாக உள்ளே வந்தது. "எலே, கை போகலடா" என்று யாரோ சொன்னது கேட்டது. கொஞ்ச நேரத்தில் விரல் மரத்தது. பிறகு கையே மரத்தது. வெளியே கொக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பது என்னுடையது என்றே எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் கை வெளியே நிற்கிறது, நான் உள்ளே மண்டியிட்டிருக்கிறேன். அதை உள்ளே எடுத்தால் வராதோ என்று பயந்தேன்.

பிறகு தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் இழுத்துக்கொண்டேன். வந்தது.

இரண்டாம் சுற்றுக்குக் கூடம் கொள்ளவில்லை. முதலில் வந்து உட்கார்ந்தவர் பெரியகருப்பன். அய்யாவுக்கு வலது கைப்பக்கமாக உட்கார்ந்தார். கம்பளி விரித்தார்கள். அய்யா கையை விட்டுச் சுற்றி வந்திருக்கிறார். அத்தனை கையும் கவிழ்ந்து கிடந்தது. ஒருவர்கூட வாங்குகிறவர் இல்லை. கடைசியில் அந்த ஒரு கை மட்டும் நிமிர்ந்து கிடந்தது. அய்யா கேட்டார், அது ஒரு விரல் கூட அழுத்தியது. அதற்கு மேல் போக இன்று யாரும் இல்லை.

எனக்குத் தட்டும் சத்தம் வரவில்லை. காத்திருந்தேன். பெரியகருப்பன் "சரி" என்று சொன்னது கேட்டது. அதற்கு எதிர்ச் 'சரி' வரவில்லை.

"வாங்குறவுக யாருங்க? சொல்லுங்க" என்றார் அய்யா.

யாரும் பேசவில்லை.

"கை பிடிச்சிருக்கு. ஆளு யாரு?" அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை.

தடுப்புக் கதவைத் திறந்து பார்த்தேன். அத்தனை பேர் நடுவில் நான் தலையை நீட்டியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அய்யா கண்ணை மூடியபடியே கம்பளியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். எல்லார் கைகளும் கவிழ்ந்தபடி வெளிச்சத்தில் கிடந்தன. பெரியகருப்பனின் கையை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. அது அய்யாவின் இடது கை.

அய்யா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். தன் கையைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கவில்லை. வலது கையால் அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். அது விடவில்லை. அண்ணன் வந்து பிரித்துவிட்டார். "நான் தரையில ஊனியிருக்கேன்னுல்ல நெனச்சேன்" என்று அய்யா தனக்குத்தானே சொன்னார். பிறகு அண்ணனிடம் ஊசி கேட்டார். எல்லார் முன்னாலும் இடது உள்ளங்கையில் குத்திக்கொண்டார். இரத்தம் வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

ஒருவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். இத்தனை மாதமாக விலையை ஏற்றியது எது என்று ஒவ்வொருவருக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது. ஒரு மனிதரின் வலது கை கேட்க, உணர்ச்சி செத்த அவருடைய இடது கை கூட்டிச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் போய் மற்றவர்கள் வாங்கியிருக்கிறார்கள். வெக்கை நாளில் இடது கையில் விசிறி இருந்தது, விலை இறங்கியது; மழை, பனி என்றால் விசிறி இல்லை, ஏறியது என்று அண்ணன் பிறகு சொன்னார். வெயில் காலத்தில்தான் குழி காய்ந்து எஞ்சின் ஓடும். பெரியகருப்பன் பார்த்தது பொய்யில்லை.

பெரியகருப்பன் எழுந்துவிட்டார். "வெளாட்டாப் போச்சு அய்யா, இத விட்ருங்க" என்றார். அவர் உதடு வெளுத்திருந்தது. வயல் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒக்காருங்க" என்றார் அய்யா. "கை பிடிச்சாச்சு. நீங்க சரின்னுட்டீங்க." இடது கையைப் பார்த்தார். "இது பேசாது. இதுக்காக நான் சரிங்குறேன்."

மற்றவர்கள் தங்கள் பங்கையும் அந்த விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். திட்டினார்கள். பிடித்த கைக்குத்தான் பொறுப்பு என்று அய்யா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த வாரமே இருப்பில் இருந்த கடலை முழுவதையும் வந்த விலைக்குக் கொடுத்து, பெரியகருப்பனுக்குத் தர வேண்டியதைத் தந்தார். தை பிறப்பதற்கு முன்னால் வயல் மீண்டது. பாப்பாத்தி அந்த அறுப்பில் ஒரு சாக்கு நெல் கொண்டுவந்து பின்வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பார்க்கவும் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன்பிறகு அந்த ஊரில் காவிக் கம்பெனிப் பங்குக்கு விலை கேட்டவர் இல்லை. கம்பளியும் விரிக்கவில்லை. நான் மண்டியிலேயே இருந்தேன். மூட்டை எண் எழுதுவது, எடைச் சீட்டு எழுதுவது என்று பின்னால் வந்த முதலாளிகளிடமும் கண் மங்கும் வரைக்கும் வேலை பார்த்தேன். அதிலெல்லாம் எழுத ஒன்றுமில்லை.

பங்குனியில் அய்யாவுக்கு இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள். ரொம்ப நாளாகவே மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார்கள். ஒரு நாள் என்னை வரச்சொல்லி அண்ணனிடம் சொல்லியனுப்பியிருந்தார். போனேன். நல்ல பகல் நேரம். முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் வீட்டம்மா அடுப்படியில் இருந்தார்கள். இடது கை நாற்காலிக் கையின்மேல், உள்ளங்கை நிமிர்ந்தபடி கிடந்தது.

"ஆத்தா, நீ ஒருத்திதான் கேலி பண்ண மாட்டே" என்றார். பேச்சு குழறியது. "அதத் தொட்டுப் பாரு. இன்னும் ஏதாச்சும் சொல்லுதான்னு பாரு. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

என் புருஷன் போனபிறகு நான் ஒரு ஆம்பிளை கையைத் தொட்டதில்லை. கீழே உட்கார்ந்து பிடித்தேன். அவர் சொன்னது சரி. தண்ணீரில் ஊறியது மாதிரித்தான் இருந்தது. ஒரு விரலை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, அது என் கையில் இரண்டு விரலை அழுத்தியது. நான் இரண்டு அழுத்தினேன். மூன்று வந்தது.

அய்யா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, செத்துத்தான கெடக்கு?" என்றார்.

"ஆமாங்க அய்யா. சும்மாதான் கெடக்கு" என்றேன். அதைச் சொல்லும்போதும் அது என் கையை விடவில்லை.